ராக்காயி அக்காவின் தும்மல்

எரியோட்டு பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் புகையிலைக் கிட்டங்கியின் வாசலில் நின்று, "ராக்காயி போயிருச்சுப்பா, வெடியக்காலம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டார். உள்ளே சலிப்பறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. வேலை நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது. ராக்காயி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சலித்த பாத்திமா அக்கா மட்டும் சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தில் கட்டிய துணியை அவிழ்க்காமலே அழுதார். என்ன சீக்கு என்று மேஸ்திரி கேட்டார். யாரோ சளி என்றார்கள். சளியாம். இந்த ஊரில் புகையிலைத் தூசியால் செத்தவர்கள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சளியில்தான் போகிறார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷத்தில், எரியோட்டில் மானாவாரிக் காட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் ராக்காயி அக்கா. இடித்த புகையிலையைச் சலிப்பது அவர் வேலை. பொட்டலம் போடுவது என் வேலை. நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான்.

கிட்டங்கியில் வேலை பார்க்காதவர்களுக்கு எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர் கண்ணும் மூக்கும் ஒழுகத் தும்மிக்கொண்டே இருப்பார். சில வாரத்தில் தும்மல் நின்றுவிடும். தூசி உடம்போடு ராசியாகிவிட்டது என்று அன்று அவர் எல்லோருக்கும் காராச்சேவு வாங்கித் தர வேண்டும். மேஸ்திரியும் அதன் பிறகுதான் அவரை வேலைக்காரராக மதிப்பார். அக்காவுக்குச் சீக்கிரமே நின்றுவிட்டது. அவர் பெருமையோடு நீட்டிய பொட்டலத்தை நாங்கள் அடித்துப் பிடித்துத் தின்றோம்.

அப்போது சலிப்பறைக்குத் தெற்கே ஒரு சன்னல் இருந்தது. சிறுமலை தெரியும். காற்று வரும். அந்த வழியாகவே தூசி தெருவுக்கும் போகும். பிள்ளைகள் இருமுகிறார்கள் என்று தெருக்காரர்கள் நகரசபைக்கு மனுப் போட்டார்கள். அதில் பொய் இல்லை. அதிகாரிகள் வந்தார்கள், தெருவிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள், போனார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. அவர்கள் உத்தரவுப்படி சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். தெரு சுத்தமாகிவிட்டது.

ஈரம் காயாத பூச்சைப் பார்த்து அக்கா கேட்டார்: "தெருவுல போறவுகளுக்கு ஆகாத தூசி எங்களுக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

"ஆகலைன்னா வெளிய போ தாயி. அங்க காத்து நெறையாக் கெடக்கு" என்றார் மேஸ்திரி.

கூரையில் ஒரு திறப்பாவது வைக்கும்படி முதலாளியிடம் கேட்கச் சொல்லி அக்கா சங்கத்தில் மன்றாடினார். முதலில் கூலி, பிறகு போனஸ், அப்புறம் காற்று என்றார்கள் சங்கத்தார். கூலி கொஞ்சம் கூடியது. காற்றின் முறை வரவே இல்லை.

அடுத்த மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர், தாயாருக்கு முடியாமல் போனதால் சில வாரம் அங்கேயே தங்கிவிட்டார். திரும்பி வந்து சல்லடையைத் தொட்டதும் விடாமல் தும்மினார்.

"ஏன்டி ராக்கு, புதுசா வந்தவளாட்டம் தும்முற? மறுக்கா சேவு வாங்கணும்டி" என்றார் பாத்திமா அக்கா.

ராக்காயி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்க மாட்டேன். மூக்கு பழகலைக்கா, செத்துக் கெடந்திருக்கு. ஊருக் காத்துல உசுரு வந்திருச்சு. அது திரும்பச் சாகுறதுக்கு நான் பலகாரம் வேற குடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சில நாளில் தும்மல் நின்றது. சொன்னபடியே அவர் சேவு வாங்கவில்லை.

பிறகு கிட்டங்கிப் படி ஏறவே நின்று நின்று வந்தார். ஆஸ்பத்திரியில் பீடி குடிப்பீர்களா என்று கேட்டார்களாம். மருந்துத் தண்ணீர் கொடுத்து, தூசி புகை இல்லாத இடத்தில் இருக்கச் சொன்னார்களாம். என்னிடம் சொல்லிச் சிரித்தார். "அப்பிடி எடம் எங்கப்பு இருக்கு? வீட்டுக்குப் போனா பச்சை வெறகுப் புகை. இங்க வந்தா இது. நடுவுல தெருவுல நடக்குற செத்த நேரந்தான் எனக்கு மூச்சு. அதுலயும் தோலு பதனிடுற ஷாப்பு நாத்தம்." முடியாமல் போனபோது எரியோட்டுக்கே போனார். அந்த ஊரின் நல்ல காற்றை இழுக்க அவர் நெஞ்சில் இடம் மிஞ்சியிருக்கவில்லை.

நேற்று ஒரு புதுப் பெண்ணுக்குத் தும்மல் நின்றது. வெட்கத்தோடு காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். கையை நீட்டிய பாத்திமா அக்கா பாதியில் மடக்கிக்கொண்டார். "வேணாம்த்தா, வீட்டுக்குக் கொண்டு போ" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. நாங்கள் யாருமே எடுக்கவில்லை.

ராக்காயி அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தத் தும்மல்தான். தட்டிக்கு இந்தப் பக்கம் தூசி குறைவு. அதனால் காலையில் உள்ளே நுழையும்போது எனக்கு இன்னும் வருகிறது. மேஸ்திரி முறைப்பார் என்று முன்பெல்லாம் அடக்குவேன். இப்போது உரக்கவே தும்முகிறேன். அது நின்றுபோவதற்குள் சன்னலை அடைத்த அந்தச் செங்கலைப் பெயர்த்தாக வேண்டும்.