முதல் பறவையும் புதுக் கூண்டும்

பச்சைக்கிளி வளர்த்தால் கேஸ் போடுவார்கள் என்று அந்தக் கடைக்காரர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி பஜாரில் மீன்தொட்டியும் பறவைகளும் விற்கிற கடை அது. "பேசுற பச்சக்கிளி ஒண்ணு வேணும் பாய்" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் முதலில் வாசலை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா. வித்தாலும் கேஸு, வாங்குனாலும் கேஸு, ஊட்டுல வச்சிருந்தாலும் கேஸு. என்ன உள்ள அனுப்பிட்டு நீ கிளியோட கத பேசிக்கினு இருக்கலாம்னு பாத்தியா?"

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சட்டம், கேஸ் என்றாலே கை சில்லிட்டுப் போகும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் பாதி வீட்டில் கிளி இருந்தது. அத்தனை பேரும் தப்பா செய்தார்கள்? நான் கேட்டது யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவர் மீனுக்குத் தீனி வாங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

பறவை வாங்கச் சொன்னது என் மகள். அவளைக் கட்டிக்கொடுத்து ஊத்துக்கோட்டைப் பக்கம் அனுப்பியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலை செய்தவர். கான்ட்ராக்ட் கை மாறியபோது புதிதாக வந்தவன் பழைய ஆட்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. டிவி ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பேக்கிங் செக்‌ஷனில் ஷிப்ட் போகிறவள். ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தள்ளும்போதெல்லாம் உள்ளே என்ன பார்ப்பேனோ என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் தள்ளுவேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. மகள் எப்படியோ புரிந்துகொண்டாள். "அப்பா கூட பகல்ல இருக்கறதுக்கு ஒரு உயிரு வேணும்மா. ஒரு கிளி வாங்கிக் குடு" என்றாள்.

கடைக்கார பாய் கிளியை விட்டுவிட்டு வேறு வழிக்கு வந்தார். "கத்தாத பறவன்னு எதுவும் கெடையாது. எந்தக் கத்தலைத் தாங்குவீங்கன்னு பாத்துதான் வாங்கணும். ஊடு எங்க?"

லைன் வீடு என்றேன். ஒரே சுவர், மேலே ஷீட். பக்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பையன்கள் இருக்கிறார்கள்.

"அப்ப கொண்டை வச்ச இந்த காக்டெயில் வேணாம். விசிலடிச்சே அவனுங்கள எழுப்பிடும். அடி வாங்குறது நீதான். லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கினு போ. புதுசா வளக்குறவங்களுக்கு அதான் சரி. தினை போடு, தண்ணிய தெனம் மாத்து. பின்பக்கம் சுத்தமா இருக்குதா, ஓரமா உப்பிக்கினு உக்காந்துகினு இல்லாம தாவுதான்னு பாத்து எடு."

நான் பார்த்தேன். எல்லாமே தாவின. இறக்கையில் ஏதாவது நோயா, என் கை பட்டால் செத்துவிடுமா, மூச்சில் ஏதாவது பரவுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இந்தாம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேள்வி கேக்குற" என்று சொல்லி, நீலத்தில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கூண்டு மட்டும் நான் வாங்கவில்லை. வீட்டுக்காரர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "கடைக் கூண்டெல்லாம் தகரம். நான் பண்றேன்" என்று சொல்வார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

சொன்னார். அப்படியே சொன்னார்.

பரணிலிருந்து கட்டரும் குறடும் இறங்கின. பழைய நண்பர் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசினார். நண்பர் கம்பெனியில் மிஞ்சிய ஜிஐ மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய கம்பி வலை, கொண்டுவந்து தந்தார். புது வலை, கண் கூசும் வெள்ளை. அதை வளைத்து, மூலைகளைப் பற்றவைத்து, தீனி வைக்கத் தனிக் கதவு வைத்து, குச்சி நிறுத்தி அவர் கட்டிய கூண்டைப் பார்க்க லைனே வந்தது. நகைக்கடையில் வைக்கலாம் போல அப்படி மின்னியது.

"யோவ், எனக்கும் ஒண்ணு பண்ணித் தாய்யா, கோழிக்குஞ்சு வுடறதுக்கு" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "இந்த மனுசன் வாயத் தொறக்குறதுக்கு ரெண்டு குருவி வரணும்போல!"

"உனக்குக் கூண்டு போதாதுக்கா, இரும்பு கேட்டே போடணும்" என்றார் அவர். நான் அடுப்படியில் நின்றபடி திகைத்துப்போனேன். அவர் ஜோக் அடித்து எத்தனை மாதம் ஆயிற்று! அக்காவுக்கு ஒன்று செய்தார். கடைசி வீட்டில் லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறோம் என்றார்கள், அவர்களுக்கும் ஒன்று ஆரம்பித்தார்.

பிறகு ஒரு காலையில் நீலக்குருவி கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பச்சைத் தண்ணியாகக் கழிந்துகொண்டு. அவர் கடைசி வீட்டுக் கூண்டில் மும்முரமாக இருந்தார். "குளிராத்தான் இருக்கும்மே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு எதுதான் சாதாரணமாகத் தோன்றியிருக்கிறது! லீவு போட்டுவிட்டு, குருவியை ஸ்வீட் டப்பாவில் துணி விரித்து வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆடுகளுக்கும் கன்றுக்குட்டிகளுக்கும் நடுவில் ஸ்வீட் டப்பாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூண்டு புதுசா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கம்பி பளபளன்னு வெள்ளையா இருக்குமா? அத கடிச்சிக்கினே இருக்குமா?"

"எப்பப் பாத்தாலும் மேடம். வெளாடுதுன்னு நெனச்சோம்."

"வெளாட்டு இல்லம்மா. அந்தப் பூச்சு துத்தநாகம். கொஞ்சம் கொஞ்சமா கொத்தி முழுங்கியிருக்கு. இதுங்களுக்கு அது விஷம். சொட்டு மருந்து தரேன், பொழைக்கும்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு இருக்குதுல்ல? போன வேகத்துல அத வெளிய எடு."

பறவைக்கு வரக்கூடிய எல்லா ஆபத்தையும் பாயிடம் கேட்டிருந்தேன். கூண்டைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. கூண்டு அவர் கட்டியது.

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே டப்பாவுக்குள் அசைவு நின்றுவிட்டது. எதிரே இருந்த பொம்பளை, "இன்னா ஸ்வீட்டு?" என்று கேட்டாள். அழுகைதான் வந்தது. குருவிக்காக அழுதேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவர் கையால் செய்த ஒன்று உயிரை எடுத்துவிட்டது என்று அவரிடமே எப்படிச் சொல்வது? மறுபடியும் அந்தச் சுவரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால்? சொல்லாவிட்டால் மஞ்சளும் போய்விடும். கடைசி வீட்டில் வாங்கப்போவதும் போகும்.

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

அவர் குறடைக் கீழே வைத்தார். டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். கூண்டுக்கம்பியை நகத்தால் சுரண்டி, நகத்தில் ஒட்டிய வெள்ளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஒட்டுன கையோடதான் இத்தினி வருசம் டிபன் டப்பா தொறந்து துன்னேன்" என்று மட்டும் சொன்னார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இதோ உட்காரப் போகிறார் என்று நினைத்தேன்.

மஞ்சள் குருவியை எடுத்துத் துணிக்கூடைக்குள் விட்டு, மேலே என் துப்பட்டாவைக் கட்டினார். பிறகு கேட்டார், "எஸ்எஸ் ஆவுமாமா?"

"இன்னாது?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு. அதுக்கு மேல பூச்சு கெடையாது. அது ஆவுமான்னு கேட்டியா?"

"அதெல்லாம் எனக்கு இன்னாய்யா தெரியும்? நாளைக்குப் போயி..."

"நாளைக்கு இன்னா நாளைக்கு. இன்னும் ரெண்டு கூண்டு கீதே." ஆணியில் பல நாளாகத் தொங்கிய பேண்ட்டை உதறிப் போட்டுக்கொண்டார். வலையில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்தார். நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் போனார்.

"அக்கா, அந்தக் கூண்டக் குடு. விஷம்க்கா அது. எனக்குத் தெரியாம பண்ணிட்டேன்."

"ஐயையோ, பாவி மனுசா! என் குஞ்சுங்க நல்லாத்தானே மேஞ்சிக்கினு கீது! குடுத்தத திருப்பிக் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் கீதுக்கா. குடு. வேற பண்ணித் தரேன்."

வேலையைவிட்டு நிறுத்தியவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்தவர், அண்டை வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்க அப்படிச் சொல்லிக்கொண்டு நின்றார்.

கூண்டுகளை பைக்குக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். டாக்டரம்மாவிடமே காட்டிக் கேட்க, ஆஸ்பத்திரி மூடுவதற்குள் போகவேண்டும் என்று அவசரப்பட்டார். எளாவூர்ப் பக்கமிருந்து வருகிற லாரிகள் அந்த நேரத்தில் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

"ஹெல்மெட்டப் போட்டுக்கினு போய்யா!" என்று தெருமுனைவரை கத்திக்கொண்டே ஓடினேன்.