ஜீப்பில் ஏறிய காய்ச்சல்

எலி பிடிக்க ஒரு டாக்டர் எங்கள் ஊருக்கு வந்தார் என்று சொன்னால் கீழே நாமக்கல்லில் இன்றும் யாரும் நம்புவதில்லை. வந்தபோது நாங்களே நம்பவில்லை. வளப்பூர் நாடு என்கிற எங்கள் மலைப்பகுதியில் எலி பிடிக்கத் தெரியாத ஆள் கிடையாது. சாமை விளைந்த காட்டில் வளை எங்கே இருக்கும், எந்தப் பக்கம் புகை போட்டால் எந்தப் பக்கம் ஓடிவரும் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கே தெரியும். இதற்கென்று ஒரு பெண் பெரிய படிப்புப் படித்து, மலைப்பாதையின் எழுபது வளைவும் ஜீப்பில் ஏறி வரவேண்டுமா என்று அப்பா கேட்டார். பிடித்த எலியை டாக்டர் கொல்வதில்லை என்று தெரிந்த பிறகு ஊருக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

மூடிக்கிடந்த பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில் தங்கியிருந்தார். பேன்ட்டின் கால்முனையைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு புதர்களுக்குள் அலைவார். தகரப் பெட்டிகளில் தேங்காய்ச் சில்லும் கருவாடும் வைத்து வரப்போரம் போட்டுவிட்டு, காலையில் ஜீப் டிரைவரோடு போய் எடுத்து வருவார். எலிக்கு மயக்கம் கொடுத்து ஒரு வெள்ளைத் தட்டின்மேல் படுக்கவைத்து, அதன் காதுமடலைச் சிறு சீப்பால் வாருவார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொள்வார். பிறகு கண்விழித்த எலியைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். எங்கள் அம்மாக்கள் காலையில் அடுப்பையும் மாட்டையும் பார்க்கிற அவசரத்தில் எங்களுக்கே ஒழுங்காகத் தலை வாரிவிட மாட்டார்கள். எலிக்குக் கிடைத்த யோகத்தைப் பாருங்கள் என்று பேசிக்கொண்டோம்.

ஒருநாள் வேடிக்கை பார்க்க நின்ற என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். சீப்பிலிருந்து விழுந்த செம்மஞ்சள் தூசி அதில் கிடந்தது. நான் ஊதப் போனேன். கையால் என் வாயைப் பொத்தினார். "ஊதாத கண்ணு, பொறுமையாப் பாரு" என்றார். பார்த்தேன். தூசி நடந்தது. பிறகு கண்ணாடி வைத்த கருவியில் என் கண்ணைப் பதிக்கச் சொன்னார். அதற்குக் கால்கள் இருந்தன. காலில் மயிர்கூட இருந்தது. எங்கள் ஊரில் இருப்பதிலேயே சின்னது சாமைத் தானியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு சாமையின்மேல் இவை குடும்பத்தோடு உட்காரலாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளும் நான் புரண்டு விளையாடிய புல்லில் இப்படி ஓர் ஊரே குடியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. இதில் சிலது கடித்தால் காய்ச்சல் வரும் என்று அவர் சொன்னார். இவ்வளவு சின்ன வாய் கடித்து மனுசருக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து அன்று பூராவும் காதைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

மழை விட்டு, குச்சிக்கிழங்குக் காட்டுக்கு மேலே புல் ஆளுயரம் நின்ற சமயம் அது. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. குளிர்காய்ச்சல்தானே, ஒரு மாத்திரையில் போய்விடும் என்று எழுந்து வேலை பார்த்தாள். கடையில் வாங்கிய மாத்திரைக்கு இறங்கி இறங்கி ஏறியது. பிறகு இறங்கவே இல்லை. தலைவலி என்று கண்ணைத் திறக்க மறுத்தாள். கஞ்சி வாயில் தங்கவில்லை.

இந்த மாதிரி காய்ச்சலுக்கு எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று சூடு. விரலி மஞ்சளை நெருப்பில் காட்டி, கனன்றுகொண்டிருக்கும் முனையை உடம்பில் வைத்து எடுப்பது. அதில் பேர்போனவர் அம்மாவின் அண்ணன், என் மாமன். அரியூர் நாட்டிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். வைக்கும்போது கை நடுங்காது. வைத்து முடித்துவிட்டு வெளியே போய் அழுவார். அம்மாவுக்கு வைத்த அன்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்த வாடையை மட்டும் மூட முடியவில்லை.

இன்னொன்று, நோயை எல்லை கடத்துவது. தேய்ந்த துடைப்பம், அடுப்புச் சாம்பல், நோயாளி உடுத்திய பழந்துணி எல்லாவற்றையும் ஓட்டைக் கூடையில் போட்டு, ஊர் எல்லைக்கல்லுக்கு அப்பால் கொண்டுபோய் வீசிவிட வேண்டும். வீசியவர் திரும்பிப் பார்க்காமல் வீடு வரவேண்டும். பார்த்தால் நோய் பின்னாலேயே வந்துவிடும். அதையும் மாமன்தான் செய்தார். ஒருமுறைகூடக் கழுத்தைத் திருப்பவில்லை என்று கூடப் போனவர்கள் சத்தியம் செய்தார்கள். ஆனாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து நான் கூடவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அம்மா செத்துப்போவாள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று பக்கத்து வீட்டில் நான் கேட்காமலே எனக்குச் சோறு போட்டார்கள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

காலை பஸ் போயிருந்தது. செல்போனுக்கு டவர் கிடைக்கவில்லை. அப்பா ரேஷன் கடைக் கட்டடத்துக்கு ஓடினார். அவர் ஓடியது ஜீப்புக்காகத்தான். எலி டாக்டர் மனுசருக்கும் டாக்டர்தான் என்பது ஊரில் ஒருவர் மண்டையிலும் ஏறியிருக்கவில்லை.

ஜீப் எங்கள் வாசலில் நின்றதும் டாக்டர் முதலில் இறங்கினார். ஆண்களை வெளியே போகச் சொன்னார். மூலையில் நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்த என்னை யாரும் கவனிக்கவில்லை. டார்ச்சை அடித்து அம்மாவின் உடம்பில் எதையோ தேடத் தொடங்கினார். காதுக்குப் பின்னால், கூந்தலுக்குள், அக்குளில், விரலிடுக்கில் என்று தொலைந்த மூக்குத்தியைத் தேடுவது போலத் தேடினார். இடுப்புக்கு வந்ததும் கை நின்றது. வயிற்றிலும் இடுப்பைச் சுற்றியும் கருகிய பொருக்குகள் இருந்தன.

"இதெல்லாம் என்ன?"

"சூடுங்க" என்றேன் நான். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு அம்மாவிடம் குனிந்து, எந்தெந்த இடத்தில் வைத்தார்கள் என்று கேட்டார். "எல்லா எடமும் எரியுது சாமி" என்றாள் அம்மா.

டாக்டர் வாசலுக்கு வந்தார். "சூடு வெச்சது யாரு? நான் திட்ட மாட்டேன். அவர் எனக்கு உடனே வேணும்" என்றார். இனிமேல் சூடு வைத்தால் போலீசில் சொல்லிவிடுவேன் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா முன்பே மாமனை மிரட்டி வைத்திருந்தார். அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே அவர் மரம் ஏறிவிடுவார். ஊர் வாயை மூடிக்கொண்டதே தவிர, கண்ணை அடக்கத் தெரியவில்லை. எல்லார் பார்வையும் பலாமரத்துக்குப் போயிற்று. டாக்டரும் அண்ணாந்து பார்த்தார். இலைகளுக்கு நடுவே மாமனின் பச்சைத் துண்டு தெரிந்தது.

இறங்கி வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார்.

"நீங்க வெச்ச சூடு எது, வெக்காதது எது, அதை மட்டும் சொல்லுங்க. உங்க தங்கச்சி உயிர் அதுலதான் இருக்கு."

மாமன் அதற்குமேல் பொய் சொல்லவில்லை. உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டார். டார்ச் வெளிச்சம் நகர நகர, "இது என்னுதுங்க, இதும் என்னுதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சேலையைச் செருகும் இடத்தில் வெளிச்சம் நின்றது. மிளகு அளவில் ஒரு கரும்பொருக்கு, சுற்றிலும் சிவந்து கிடந்தது. மாமன் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது நான் வெக்கலீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அந்த எடத்துல வெக்கவே மாட்டோமுங்க. கொசுவம் ஒரசும். புண்ணு ஆறாதுங்க."

மாமன் வைத்த சூடு ஒன்றை டாக்டர் மெல்லத் தொட்டார். அம்மா முகம் சுளித்தாள். மாமன் வைக்காததைத் தொட்டார். அம்மாவுக்குத் தெரியவே இல்லை. டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. என் அம்மா கிடக்கிற கிடையில் இந்தப் பெண்ணுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபமாக வந்தது.

"இதுதான் பூச்சி கடிச்ச இடம். பாதிப் பேருக்கு இது கண்ணுலயே படாது. நோய் இன்னதுன்னு தெரியாமலே போயிருவாங்க. இதுக்கு மருந்து இருக்கு, என் பையிலயே இருக்கு" என்றார்.

நான் தட்டில் பார்த்த தூசி எனக்கு ஞாபகம் வந்தது. நடந்த அந்தத் தூசிதான் புல்லிலிருந்து ஏறி, சேலை இறுகும் இடம்வரை வந்து நின்று, எங்கள் வீட்டிலேயே பெரிய ஆளான அம்மாவைப் பாயில் கிடத்தியிருக்கிறது. அது வந்த தடத்தை ஒருவர் டார்ச்சை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தும் விட்டார். சாமி வந்து குறி சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரைப் பார்த்தும் அன்று போல நான் வாயைப் பிளந்ததில்லை.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டாக்டர் ஒரு கணம் தயங்கினார். மருந்து உள்ளே போவதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா வாசலிலிருந்து பாய்ந்து வந்தார்.

"மொதல்ல மாத்திரையக் குடுங்க! எலிக்குப் பண்றதெல்லாம் இங்க வேண்டாமுங்க."

"வேண்டாம்னா வேண்டாம், மாத்திரை இப்பவே தந்துர்றேன். இந்த ரத்தத்தால இவங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இனிமே இந்தக் காய்ச்சல் வர்றவங்களுக்குத்தான் அது."

அப்பா மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் பாயிலிருந்து அம்மாவின் கை நீண்டது. "எடுத்துக்குங்க. நாளைக்கு எம் புள்ளையும் புல்லறுக்கப் போவுமில்ல" என்றாள். அன்று பூராவும் அவள் தெளிவாகப் பேசியது அது ஒன்றுதான்.

சிறு குழாயில் ரத்தம் ஏறியது. மாத்திரையை விழுங்கவைத்தார். மூச்சு வாங்குவதால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றார். அப்பாவும் மாமனும் அம்மாவைத் தூக்கி ஜீப்பில் படுக்கவைத்தார்கள். ரத்தக் குழாய், ஐஸ் கட்டி நிரப்பிய நீலப் பெட்டிக்குள் போயிற்று. எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அம்மாவின் காய்ச்சலை உருவிப் பெட்டியில் அடைத்துவிட்டார்கள். மாமனின் கூடை பலிக்காமல் போனதற்குக் காரணம், அதில் துடைப்பமும் சாம்பலும் இருந்தன, காய்ச்சல் இல்லை. இப்போது காய்ச்சல் பிடிபட்டுவிட்டது. ஆனால் பிடிபட்ட காய்ச்சலையும் அம்மாவையும் ஒரே வண்டியிலா ஏற்றுவார்கள்? வளைவில் பெட்டி கவிழ்ந்தால் என்ன ஆவது?

ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "டாக்டரக்கா, எல்லைக்கல்லுத் தாண்டுனதும் அதத் தூக்கி வீசிருங்க. மறுக்கா அம்மா மேல ஏறிக்கும்!"

மாமன் என்னை இழுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "பயப்படாத கண்ணு. ரொம்பப் பத்திரமா கொண்டுபோறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சலை யாராவது பத்திரமாகக் கொண்டுபோவார்களா? ஜீப்புக்குப் பின்னாலேயே எல்லைக்கல்வரை ஓடினேன். வண்டி கல்லைத் தாண்டியதும் செய்யவேண்டியதைச் செய்தேன். சட்டென்று திரும்பி, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஊரைப் பார்த்து நடந்தேன். ஜீப்பின் பின்பக்கம் அம்மா தலையைத் தூக்கி எனக்குக் கை காட்டினாளாம். ஜீப்பில் கூடப் போன அப்பா பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்கு ஆகாதே.

அம்மா பிழைத்தாள். பாதி உடம்பாக, பஸ்ஸில், தானே இறங்கி நடந்து வந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்ததால்தான் பிழைத்தாள் என்று பல வருடங்கள் மனதுக்குள் கர்வமாக இருந்தேன். மாமன் மஞ்சளை விடவில்லை, ஆனால் வேலை மாறிவிட்டது. காய்ச்சல் என்று வருகிறவர்களை முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பார். "இதா இருக்குது, நான் வெக்காதது" என்று ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார். புல்லறுக்கப் போகும் பெண்களைப் பேன்ட் போடச் சொல்லி ஒருமுறை உதையும் வாங்கப் பார்த்தார்.

நான் கல்லூரி முடித்த வருடம் அந்த டாக்டர் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. கால்முனை அப்போதும் காலுறைக்குள்தான் இருந்தது. அம்மா கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த கிருமி இன்னும் கடுங்குளிரில் உயிரோடு உறைந்திருக்கிறது என்று அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதை எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்கிறார்களாம். இந்த மருந்துக்கு அடங்குவாயா, அந்த மருந்துக்கு அடங்குவாயா என்று பார்க்கிறார்களாம். தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லையாம், வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அட, இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்று வெட்கப்பட்டாள்.

நோயை எல்லைக்கு அப்பால் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் வழி. அன்று அதை அணுவளவும் பிசகாமல் நான் செய்தேன். எதை நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேனோ, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்காகவே ஒருவர் அந்த ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.