பொலி போடாத மலை

போன கிழமை கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. கடைசிக் கேள்வி: "உங்கள் வரைபடத்தால் சமூகத்துக்குக் கிடைத்த பயன் என்ன? ஒரு வரியில் எழுதுக."

ஒரு வரி! மலை மலையாக ஏறி இறங்கிய கால்களைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லுமா?

நான் பதுளையில் பார்க்கும் வேலை இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக... தேயிலைத் தோட்டங்களின் பழைய சங்கதிகளை கம்ப்யூட்டரில் வரைபடமாக ஏற்றுகிற வேலை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் எது எங்கே இருந்தது, கோயில் எப்போது இடம் மாறியது, தேர் எந்தப் பாதையில் போனது — எல்லாம் புள்ளிகளாக, கோடுகளாக. திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். மவுஸால் அதை இழுத்தால் வருடங்கள் நகரும். லயங்கள் முளைக்கும், மறையும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் வருடம் வேண்டும். எங்கள் ஆட்களிடம் வருடத்துக்கு எங்கே போவது?

"இந்த லயம் எப்பங்க கட்டுனது?"

"அது நாய்த் தொரை காலத்துல தம்பி."

தோட்டத்து மேனேஜர்தான் தொரை. ஐந்து நாய் வளர்த்தவர் நாய்த் தொரை. சீட்டியடித்துக்கொண்டே மலையேறியவர் சீட்டித் தொரை. எங்கள் காலண்டர் அவ்வளவுதான். அலுவலகத்தில் என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நாயையெல்லாம் கம்ப்யூட்டரிலை ஏத்தேலாது. ஆண்டைக் கொண்டு வாரும்."

கொண்டுவந்தேன். தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. இதுவரை இருந்த துரைமாரின் பெயர், வந்த வருடம், போன வருடம் — தங்க நிற எழுத்தில். நாய் யார், சீட்டி யார் என்று விசாரித்துப் பொருத்திவிட்டால் வருடம் கையில். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இனி அக்காவுக்கு வருகிறேன். அவள் அஞ்சாம் வகுப்போடு நின்று கொழுந்து எடுக்கப் போனாள். அதனால்தான் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவனாவது முழுசாகப் படித்தேன். ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், லயத்து ஒற்றைக் காம்பராவில் அவள், அத்தான், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். ஆறு பேருக்கு ஓர் அறை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே பேச்சு — தனி வீடு.

நான் எங்கள் தோட்டத்து வரைபடத்தைத் தொடங்கிய வருடம்தான் சீட்டுப் போட்டதில் அவளுக்கு ஒரு சின்ன வீட்டுக்கு அளவான ஏழு பேர்ச் காணி விழுந்தது. பதினோராம் நம்பர் மலையில். அங்கே கொழுந்து குறைந்துவிட்டதால் தோட்டம் வீடு கட்டக் கொடுத்திருந்தது. இருபது வீட்டுக்குக் கயிறு பிடித்தாயிற்று. அத்திவாரம் வெட்டும் முன்பே அக்கா தன் மூலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டாள்.

வரைபடத்துக்கு விவரம் தந்தவர்களில் அவளும் ஒருத்தி. கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையில் இறங்கியதும் "பொலி... பொலி..." என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் செடியில் கை வைப்பார்கள். விளைச்சல் பெருகட்டும் என்று.

"பதினொண்ணாம் நம்பர்ல மட்டும் பொலி போட மாட்டோம்டா. பேசாமத்தான் எறங்குவோம்."

"ஏன்க்கா?"

"யாருக்குத் தெரியும்? எங்க மாமியா காலத்துலயே அப்பிடித்தானாம்."

பண்பாடு என்ற தலைப்பில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன்.

என் நோட்டில் இன்னொரு தகவலும் இருந்தது. வேறு வேறு லயத்தில் மூன்று பேர் சொன்னது — நாய்த் தொரை காலத்துப் பெருமழையில் மண் இறங்கி ஒரு லயமே போய்விட்டது என்று. எங்கே? மூவருக்கும் தெரியவில்லை. 'இடம் தெரியாது' என்று குறித்து வைத்தேன்.

பிறகு ஒரு நாள், தோட்டத்து ஆபீஸில் கிடைத்த பழைய வரைபடங்கள் இரண்டை ஸ்கேன் செய்து ஏற்றினேன். பட்டையை இழுத்தேன்.

நாய்த் தொரை வருகிறார் — பதினோராம் நம்பரில் ஒரு லயம். நாய்த் தொரை போகிறார் — லயம் இல்லை, தேயிலை. அதன் மேல் அக்காவின் பச்சைப் புள்ளி. அதன் மேல் இருபது வீட்டுச் சதுரங்கள்.

மறுபடி இழுத்தேன். அதேதான்.

ஒளிப்பானேன்... ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டால் அந்த லயம் திரையில் வராது. அக்காவுக்கு வீடு வரும். மூன்று நாள் அதையே நினைத்தேன். அதிகாரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எடுக்கலாம் தம்பி. என்ன காரணம் எண்டு பக்கத்திலை எழுதிப்போட்டு எடும்."

என்ன எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். அக்கா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஊரெல்லாம் சுத்துனியே, ஒனக்கு என் எடந்தான் கெடைச்சுச்சா?"

அத்தான் சிரித்தார். அது கோபத்தைவிட மோசம். "படிச்சவங்க ஊடு கட்டிக் குடுப்பாங்க மாப்ள. நீங்க கட்டுறதுக்கு முந்தியே இடிச்சிட்டீங்க."

அடுத்த சனிக்கிழமை அக்கா தனியாக பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தாள். "காட்டு" என்றாள். இழுத்துக் காட்டினேன். மூன்று தடவை இழுக்கச் சொன்னாள். பிறகு திரையில் விரல் வைத்து அந்த லயத்தின் கட்டங்களை எண்ணினாள்.

"பத்துக் காம்பரா. இதுல யார் யாரு இருந்தாங்க?"

"பேரு எங்கயும் இல்லக்கா."

"தொரைமாருக்கு மட்டும் பலகை..."

திங்கள் காலை, வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னது அவள்தான். நானில்லை. "எனக்கு அந்த எடம் வேணாம். நாம பொலி போடாம எறங்குனது சும்மா இல்ல. அதுக்குக் கீழ ஆளுங்க இருக்காங்க."

சிலர் வாயில் கை வைத்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள், இன்னும் திட்டுகிறார்கள். அதிகாரிகள் வந்தார்கள், சரிவை அளந்தார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள். வேறு இடம் பார்க்கிறோம் என்றார்கள். இரண்டு வருடமாகப் பார்க்கிறார்கள்.

மண்? வரவில்லை. மழை அடித்துப் பெய்கிற நாளில் அத்தான் எனக்குப் போன் எடுப்பார். "என்ன மாப்ள, ஒங்க மண்ணு இன்னைக்காவது வருமா?"

வந்தால்தான் நான் சொன்னது சரி என்று ஆகும். வரவே கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன். ஒரு வரைபடத்துக்கு இப்படி ஒரு சங்கடம் உண்டென்று எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வராத மண்ணை எந்த நிறத்தில் காட்டுவது?

அந்தக் கறிவேப்பிலைக் கன்றை அக்கா பெயர்த்து வந்து ஒரு பழைய டின்னில் வைத்திருக்கிறாள். லயத்து வாசலில். போன மாதம் பார்த்தேன், என் இடுப்பளவு இருக்கிறது. வேருக்கு டின் போதவில்லை.

படிவத்தை நேற்றுத்தான் நிரப்பினேன். கொழும்பில் இதைப் பயன் என்று சேர்ப்பார்களா, முறைப்பாடு என்று சேர்ப்பார்களா தெரியாது. கேட்டபடி ஒரே வரி:

"என் அக்கா இன்னும் லயத்தில்தான் இருக்கிறாள்."