குலம் அண்ணாவுக்கு வந்த ஜூரி அழைப்பு

போன மாதம் எங்கள் புறநகரான நார்த்மீட்டில், பக்கத்து வீட்டுக் குலம் அண்ணா வீட்டில் பார்பிக்யூ. அடுப்பு பற்றுவதற்கு முன்பே அட்வைஸ் தயாராகிவிட்டது.

விஷயம் இதுதான். பரமட்டா கோர்ட்டுக்கு ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, வரச் சொல்லி அண்ணாவுக்கு அழைப்பு. நம் ஆட்களுக்கு ஜூரி டூட்டி என்றால் போதும்... தப்பிக்க ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள்.

"முதுகு நோ எண்டு டொக்டரிட்டச் சொல்லிப் பாருங்கோவன்" - இது அவர் மனைவி ராணி அக்கா.

"இங்கிலீஷ் வராதுன்னு சொல்லிடுங்கண்ணா" - இது வாராவாரம் இந்தப் பத்தியில் நியாயம் பேசும் நான்தான்!

அண்ணா பஸ் ஓட்டுகிறார். போலீஸ் காரைக் கண்டால் இன்றும் ஸ்டியரிங்கை இறுகப் பிடிப்பவர். யாழ்ப்பாணத்தில் இளைஞனாக இருந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எதற்கு? சொல்லவில்லை. வழக்கு? கிடையாது. மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர், ஒரு நீதிபதியைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தார். கோர்ட் வாசலை மிதித்தால் பழையதெல்லாம் திரும்பிவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். எனக்கும்தான்.

"கூப்பிட்டவங்கள், போட்டு வாறன்" என்று அண்ணா கிளம்பிப் போனார். தேர்வும் ஆகிவிட்டார்.

ஜூரிக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. எண்ணூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு ராஜா இஷ்டத்துக்கு ஆட்டம் போட்டார். பிரபுக்கள் அவரை ஆற்றங்கரைப் புல்வெளிக்கு வரவழைத்து, மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைக்கச் செய்தார்கள். அதில் ஒரு வரி: சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சுதந்திர மனிதர் யாரையும் சிறையில் தள்ளக் கூடாது. சாமானியன் மேல் பாசமா? அதெல்லாம் இல்லை. தங்கள் தலையும் நிலமும் தப்பினால் போதும் அவர்களுக்கு! ஆனால் எழுதி வைத்த வார்த்தை, எழுதியவர் பேச்சைக் கேட்பதில்லையே. கை மாறி, கடல் தாண்டி, பஸ் ஓட்டும் குலம் அண்ணா வரை வந்துவிட்டது.

வழக்கு முடிந்து வந்தவரை அக்கா விடவில்லை.

"உள்ளுக்க என்ன கதைச்சனீங்கள்?"

"சொல்லக் கூடாது, அதுதான் சட்டம்."

"எனக்குமோ?"

"ஓம். உமக்கும்தான்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை டொக்கென்று வைத்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"பயமா இருந்துச்சாண்ணா?"

"முதல் நாள் பயம்தான் தம்பி. பேந்து குற்றவாளிக் கூண்டில இருந்த பெடியனைப் பாத்தன். அவன் எங்கட முகங்களையே பாத்துக்கொண்டிருந்தான்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்கு அண்டைக்கு ஊரில, பாக்கிறதுக்கு ஒரு முகமும் இருக்கேல்ல."

அக்கா ஆறிப்போன தேநீரை எடுத்துப்போய்ச் சூடாக வேறு போட்டு வந்தார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நாளைக்கு எனக்கு ஜூரி அழைப்பு வந்தால்? எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும்.