ஏரிக்கரைக் கழுகும் பெண் பார்க்க வந்தவங்களும்

மாடு செத்தா புதைக்கிற பழக்கம் எங்க வேங்கிக்கால் பக்கம் அப்போ கிடையாது. ஏரிக்கு அந்தாண்ட இழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம். மிச்ச வேலை பிணந்தின்னிக் கழுகோடது. வானத்துல ஒண்ணு வட்டம் போட்டா பின்னாலயே கூட்டம் இறங்கும். உயிருள்ள கோழிக்குஞ்சைக்கூடத் தொடாது. செத்ததுதான் சாப்பாடு. முதல்ல கண்ணு, அப்புறம் வயிறு. பொழுது சாயறதுக்குள்ள எலும்புதான் மிஞ்சும். நாத்தமே எழாது. அதுக்கு நாங்க செஞ்ச மரியாதை, நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிர்ல தெரிஞ்சா காறித் துப்பறது.

தொண்ணூறுகள் கடைசியில என் சின்ன மகளைப் பெண் பார்க்க கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்றதா இருந்தாங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதையாவது முடிச்சாகணும். அந்த வாரம் பார்த்து கறவை மாடு படுத்துடுச்சு. கௌரவமான வீட்டு மாட்டுக்கெல்லாம் அப்போ டாக்டர் வந்து வலி ஊசி போடுவார். எங்க மாடு என்ன கம்மியா? போட்டோம். ஊசி போட்டுக்கிட்ட பெருமையோட செத்தது.

வழக்கம்போல இழுத்துப் போட்டோம். "கழுகு பாத்துக்கும், நீ கேசரிக்கு ரவை வறு"ன்னார் வீட்டுக்காரர். கழுகு வந்து வருஷக்கணக்கா ஆச்சுங்கிறதை ஒருத்தரும் கவனிக்கல. அந்த ஊசி மருந்து செத்த மாட்டுக் கறியில தங்கி, தின்ன கழுகையெல்லாம் கொன்னுடுச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சு அதே டாக்டர்தான் சொன்னார். விருந்து வச்சே கொன்னிருக்கோம்.

வந்தது நாய்ங்க. தின்னதைவிட சண்டை போட்டதுதான் ஜாஸ்தி. பெண் பார்க்க வந்த அன்னிக்கு ஏரிக்காத்து நேரா எங்க வாசலுக்கே வீசுது. சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி வாசனையோட சேர்ந்து மாடு நாறுச்சு, அவ்ளோதான்.

மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால மூக்கை மூடினாங்க.

"இன்னாம்மா இது, வாடை?"

"எலி செத்திருக்கும்ங்க."

"எலியா! கொம்பு வச்ச எலியா?"

வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டார். மூணாவது இடமும் போச்சுன்னு உள்ள மகள் அழ ஆரம்பிச்சுட்டா. அந்தம்மா கேசரியை ஒரு வாய் போட்டுக்கிட்டாங்க.

"இதுக்கு ஏன் பொய் சொல்றீங்க? எங்க ஊர் ஏரியில மூணு மாடு கிடக்குது. உங்களுது ஒண்ணுதானே? பொண்ணைக் கூப்பிடுங்க, பார்ப்போம்."

அன்னிக்கே பூ வச்சு உறுதி பண்ணிட்டுப் போனாங்க. எல்லாம் சந்தோஷம்தான். ஆனா நாத்தத்துலகூட அவங்க ஊர்தான் ஒசத்தின்னு சொல்லிட்டுப் போனது இன்னிக்கும் எனக்கு ஜீரணமாகல.