யோகேஸ்வரி அக்கா அழித்த டேப்லெட்

யோகேஸ்வரி அக்கா எந்த டேப்லெட்டை எடுத்தாலும் முதலில் கவிழ்த்து வைப்பார். மலேசியாவின் செனாயில் எங்கள் தொழிற்சாலையில் அவருக்கு எதிர் மேசையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் அது மாறியதில்லை.

ஆட்கள் விற்றுவிட்ட பழைய டேப்லெட்டுகளில் இருப்பதையெல்லாம் அழித்து, முதல்முதலில் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்ததுபோல் ஆக்குவது எங்கள் வேலை. அக்கா பட்டனை நெடுநேரம் அழுத்தி, திரை அணைந்த பிறகுதான் நிமிர்த்துவார்.

"யார் வீட்டு முகமோ. பாத்தா கூடவே வீட்டுக்கு வரும்," என்பார்.

"தோசையாக்கா அது, திருப்பித் திருப்பிப் போடுறீங்க?" என்று சூப்பர்வைசர் குணாளன் கிண்டல் செய்வார்.

அக்காவுக்கு ஒரே தங்கை, பிரவீனா. ஒன்பது வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டாள். இனி வாசல்படி மிதிக்காதே என்று சொன்னது அக்காதான். அவரே ஒருமுறை வேலை பஸ்ஸில் என்னிடம் சொன்னார். பிறகு கூப்பிட்டுப் பார்த்தபோது தங்கையின் எண் மாறியிருந்தது.

போன ஜூலையில் ஒரு நாள், கவிழ்த்து வைத்திருந்த டேப்லெட் அலாரம் அடித்தது. நிறுத்துவதற்காக நிமிர்த்தினார். நிறுத்தவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மணி பதினொன்றரை. பாப்பாவைக் கூப்பிடப் போகணும் என்று திரையில் இருந்தது. கீழே படத்தில் ஒரு பெண், மடியில் பாலர் பள்ளிச் சட்டையோடு ஒரு சிறுமி. பெண்ணுக்கு அக்காவின் அதே மூக்கு.

அலாரம் தானாக ஓய்ந்தது. திரை மங்கியது. அக்கா தொட்டார். மறுபடி மங்கியது, மறுபடி தொட்டார். பூட்டைத் திறக்கும் எண் தெரியாது. படமெடுக்க முடியாது, எங்கள் கைப்பேசிகள் வெளியே லாக்கரில் இருந்தன. பேட்டரி நாலு சதவீதம்.

"அக்கா, இன்னும் நாப்பது கிடக்கு லா!" என்றார் குணாளன்.

"இருய்யா, பட்டன் ஒட்டிக்கிச்சு."

அவர் உதடு அசைந்தது. சிறுமியின் சட்டையில் இருந்த பள்ளிப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். பொந்தியானில் ஒரு பாலர் பள்ளி, ஆறு வயது வகுப்பு. பிறகு பட்டனை அழுத்தினார். எல்லாம் அழிந்து முடிய நாலு நிமிடம் ஆனது. அதற்குள் மூன்று முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து லீவு போட்டுப் பொந்தியானுக்குப் போனார். மறுநாள் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

"பாத்தீங்களாக்கா?"

"மோட்டார்ல வந்தா. பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிட்டா."

"பேசலையா?"

"ஹெல்மெட் போட்டிருந்தா லா."

"கூப்பிட்டா கழட்ட மாட்டாங்களா?"

அக்கா பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "கழட்டிட்டு என்னா சொல்வாளோ," என்றார்.

அதன் பிறகும் இரண்டு முறை போய்விட்டார். பள்ளிக்கு எதிரே வாழைப்பழத்தைப் பொரித்து பிசாங் கோரெங் விற்கும் கடையோரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். ஆண்டு முடிந்தால் சிறுமி முதலாம் வகுப்புக்குப் போய்விடுவாள். எந்தப் பள்ளி என்று தெரியாது.

இந்தப் புதன்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் பேசவில்லை. டேப்லெட்டுகளை இப்போது அவர் கவிழ்ப்பதில்லை.