தட்டினால் கிண்ணென்று கேட்காத பெட்டி

கிண்...

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சூளையிலிருந்து ஆறி வந்த பீங்கான் ஜாடியை இடது கையில் தூக்கி, வலது விரல் முட்டியால் ஒரு தட்டு. கிண்ணென்றால் நல்ல சரக்கு. தொப்பென்றால் உள்ளே எங்கோ கீறல்... ரிஜெக்ட்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் யூனிட்டில் செக்கிங் வேலை எனக்கு. நாளெல்லாம் தட்டித் தட்டி, கண்ணால் பார்ப்பதை நம்பாத புத்தி வந்துவிட்டது. தேங்காய், எவர்சில்வர் டப்பா, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை... எல்லாவற்றையும் தட்டித்தான் பார்ப்பேன். மாப்பிள்ளையை மட்டும் மனசுக்குள்.

அந்த மாப்பிள்ளைதான் என் வீட்டுக்காரர். அதே யூனிட்டில் சூளை வேலை. சொந்தமாக சவுண்டு சர்வீஸ் வைக்க வேண்டும் என்று ஆசை. மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்த்துவிட்டார். பாட்டின் அடிச்சத்தத்தை அதிரவைக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி, சப்வூஃபர் ஒன்றுதான் பாக்கி.

முதல் ஆர்டர் கருவேப்பிலங்குறிச்சியில், என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. "சூள வேலக்காரனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று எங்கள் கல்யாணத்தின்போது முகத்தைத் திருப்பிய அண்ணன். அம்மா பிடிவாதம் பிடித்ததால்தான் ஆர்டரே கொடுத்தார். அங்கே செட்டு சொதப்பினால் இவர் என் பிறந்த வீட்டு வாசலில் மறுபடி தலை நிமிர்ந்து நிற்க முடியாது. எனக்கு ராத்தூக்கமே போய்விட்டது.

முதலில் இவருடைய தம்பி வீட்டு ஹோம் தியேட்டர் வூஃபரைக் கேட்டுப் பார்த்தோம். படத்தில் லாரி கவிழ்ந்தால் நம் சோபா மேலேயே கவிழ்ந்த மாதிரி இருந்தது. "ஹாலுக்கு ஓகே, பந்தலுக்குத் தாங்காது," என்றார் இவர். அவர் சொன்னதில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

அடுத்து எதிர்வீட்டு வேன் டிரைவர் விற்கிறேன் என்ற கார் வூஃபர். வேன் கதவைச் சாத்திவிட்டுப் போட்டால் நெஞ்சில் குத்தும், நம்பர் பிளேட் கடகடக்கும்... பெட்டி மேல் ஒரு பீங்கான் பொம்மையை வைத்தேன். அதுவாகவே நடந்து ஓரத்துக்கு வந்துவிட்டது! பெட்டியைத் தட்டினேன். கணகணவென்றது. இதுதான் நல்ல சரக்கு என்று எனக்கு முடிவாகிவிட்டது.

மூன்றாவது, சேத்தியாத்தோப்பு சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் கொண்டுவந்தது. உள்ளே பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர். கறுப்பாக, பீரோவைப் படுக்கவைத்த மாதிரி. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். எங்களுடையது வாடகை வீடு, மாடியில் ஹவுஸ் ஓனர். அதனால் சத்தத்தைக் கூட்ட முடியவில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ நெல் மூட்டை இறக்குகிற மாதிரி 'தும்' என்றது. அவ்வளவுதான். பொம்மை அசையவே இல்லை.

விரல் முட்டியால் தட்டினேன். தொப்.

"ஏங்க... இது கீறல் வுட்ட பொட்டிங்க," என்றேன் இவர் காதோடு.

வந்தவருக்குக் கேட்டுவிட்டது. "தங்கச்சி, இத வூட்டுக்குள்ள வச்சா ஒண்ணும் தெரியாது. வெட்டவெளில வச்சிப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க."

வீட்டுக்குள் கேட்காதது வெளியில் எப்படிக் கேட்கும்? அவ்வளவு நல்ல பெட்டியை ஏன் விற்க வேண்டும்? கேட்டேவிட்டேன். "பெரிய செட்டா எடுக்கறேம்மா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

இவர் அந்தப் பெட்டியைத்தான் எடுத்தார். கோபத்தில் அன்றைக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

காதுகுத்து அன்று காலை. அறுவடை முடிந்த வயலில் பந்தல். பந்தலுக்குப் பின்னால் அண்ணன் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "செட்ட வண்டியில ஏத்தி ரெடியா வச்சிரு. இவரு செட்டு படுத்துச்சின்னா கூப்புடறேன்."

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. ஆனால் எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

முதலில் சாமி பாட்டு. பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜடம் மாதிரி இருந்தது. போச்சு... மானம் போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் பசங்க கேட்டார்கள் என்று இவர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார் பாருங்கள்...

கைக்குக் கீழே பெட்டி அப்போதும் ஆடவில்லை. என் முந்தானை ஆடியது. அடிவயிற்றில் ஏதோ இடித்தது. வயலுக்கு அந்தக் கோடியிலிருந்து சமையல்காரர் கத்தினார்: "யோவ், அண்டா மூடி ஆடுதுய்யா!"

பெட்டி தானே ஆடினால் சத்தம் அதிலேயே வீணாகிவிடும், கனமான பெட்டி ஆடாது என்று பிறகு இவர் விளக்கினார். பீங்கானுக்கு வைக்கிற பரீட்சையை நான் பலகைக்கு வைத்திருக்கிறேன்!

அண்ணன் மறுபடி போனை எடுத்தார். "நீ வர வேணாம்ப்பா." அப்புறம் நேராக இவரிடம் போனார். "மாப்ள, மொதல்ல வந்து சாப்புடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் இவரை நேருக்கு நேர் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது வண்டியில் இவர் ஆசையாகக் கேட்டார். "எப்டி இருந்துச்சி?"

"மைக்குதான் கொஞ்சம் கர்ருன்னுச்சி," என்றேன். நல்லா இருந்துச்சி என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது பையன் டம்ளர் அளவில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்து எக்ஸ்ட்ரா பாஸ், அடி அதிரும் என்கிறான். நான் நம்பவில்லை. ஆனால் என்னைத் தின்கிற சந்தேகம் வேறு. வருஷக்கணக்காகப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்ற மனுஷன்... சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதிலே வருவதில்லை. கேட்டால், "கேட்டுச்சி, ஏதோ யோசனைல இருந்தேன்," என்கிறார்.

போன வாரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன். "ஏங்க... அன்னிக்கு எங்க அண்ணன் வூட்ல உங்க செட்டு ரொம்ப நல்லா இருந்துச்சிங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் வந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.